வளர்ந்த சிறு நாய்க்கு ஒரு வீடு



சென்னையின் விலங்குக் காப்பகம் ஒன்றுக்குள் நுழைந்தால், வண்டியில் அடிபட்டும் சொறி பிடித்தும் வந்து சேர்ந்த தெருநாய்களுக்கு நடுவே சில முகங்கள் தனியாகத் தெரியும். ரோமம் சடை பிடித்த ஒரு வெள்ளைப் பொமரேனியன். கண்ணில் வெள்ளை படர்ந்த ஒரு பக். குட்டைக் காலும் நீண்ட முதுகுமாக ஒரு டாஷண்ட். கழுத்துப்பட்டை அழுத்திய தடம் ரோமத்தில் இன்னும் இருக்கும். இவை தெருவில் பிறந்தவை இல்லை. யாரோ பணம் கொடுத்து வாங்கி, பெயர் வைத்து, வீட்டுக்குள் வளர்த்தவை. பிறகு பூங்கா வாசலிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ இறக்கிவிடப்பட்டவை. சில நாய்களைக் காப்பகத்தின் கேட்டிலேயே கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அதே காப்பகத்துக்கு நாய் எடுக்க வருகிறவர்களில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, “குட்டி இருக்கா?” என்பதுதான். ஐந்து வயது நாயைக் காட்டினால் முகம் மாறும். “வளர்ந்ததாச்சே, இனிமே நம்மகிட்ட ஒட்டுமா?” “பழகின பழக்கம் மாறுமா?” “ஏதோ கோளாறு இருக்கப்போய்தானே விட்டிருப்பாங்க?”

இந்த மூன்று சந்தேகங்களும் நியாயமானவை. மூன்றுக்கும் பதில் உண்டு. பத்து கிலோவுக்கு உட்பட்ட, வளர்ந்து முடிந்த, கைவிடப்பட்ட ஒரு நாய், நகரத்து அடுக்குமாடியில் வாழும் பல குடும்பங்களுக்குக் குட்டியைவிடப் பொருத்தமானது என்பதே இந்த உரை சொல்ல வந்த செய்தி.

கடைசிச் சந்தேகத்திலிருந்து தொடங்கலாம். இந்த நாய்கள் ஏன் கைவிடப்படுகின்றன?

சிறு நாய்கள் நம் ஊருக்கு அலை அலையாக வந்தவை. வெளிநாட்டு இனங்களை இறக்குமதி செய்வது கடினமாக இருந்த 1980களிலும் 90களின் தொடக்கத்திலும், நடுத்தரக் குடும்பத்து நாய் என்றால் வெள்ளைப் பொமரேனியன்தான். அவற்றில் பெரும்பாலானவை நம் வெயிலுக்குப் பழகிய இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் டஃபி என்ற பாத்திரமாக வந்ததும் இந்த வகை நாய்தான். 2003-இல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு பக் அவன் பின்னாலேயே ஓடியது. அதன் பிறகு பக் என்ற இனப்பெயர் தெரியாதவர்கள்கூட ‘ஹட்ச் நாய்’ என்று கேட்டு வாங்கினார்கள். அடுத்து ஷிட்சூ வந்தது.

விளம்பரத்தில் ஓடிய நாய்க்கு மே மாதத்துச் சென்னை தெரியாது. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக்கின் சப்பை மூக்கில் காற்றுப் போகும் வழியே குறுகல். மதிய வெயிலில் ஒரு நடை போய்வந்தாலே மூச்சுத் திணறி விழக்கூடிய நாய் அது. கண் பிதுங்கி வெளியே இருப்பதால் சிறு கீறலும் புண்ணாகும். முகத்து மடிப்புகளைத் துடைக்காமல் விட்டால் அங்கே தோல் அழுகும். இதையெல்லாம் விற்பவர் சொல்வதில்லை. மருத்துவச் செலவு வரத் தொடங்கிய பிறகுதான் வாங்கியவருக்குத் தெரிகிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு ஆகியவற்றோடு பக்கும் இடம்பெற்றது இந்தக் காரணத்தால்தான்.

மற்ற காரணங்கள் நாயைச் சார்ந்தவையே அல்ல. புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. வீட்டில் குழந்தை பிறக்கிறது. நாயைப் பார்த்துக்கொண்ட தாத்தா இறந்துபோகிறார். 2020 ஊரடங்கில் பொழுதுபோக வாங்கிய குட்டிக்கு, அலுவலகம் திறந்த பிறகு துணைக்கு ஆள் இல்லை. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி, வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும் நாய்களும் உண்டு. இவற்றில் எதிலும் நாயின் குணக்கேடு என்று சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். குட்டி விற்பனைக்காக ஈன வைக்கப்பட்டு, இனி ஈனாது என்று ஆனதும் வெளியே தள்ளப்படும் தாய் நாய்கள். அவற்றைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். பலமுறை பாலூட்டித் தொங்கிப்போன முலைக்காம்புகள். நடக்க இடமில்லாமல் வளர்ந்து சுருண்ட நகங்கள். மூத்திரத்திலேயே நின்று மஞ்சள் பாரித்த பாதங்கள். கம்பித் தரையில் உராய்ந்து காய்த்துப்போன பின்னங்கால் மூட்டுகள். கைதூக்கினால் ஓடாது. அசையாமல் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

பிரிட்டனில் லூசி என்ற ஒரு நாய் இப்படித்தான் இருந்தது. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்ற சிறு இனம். 2013-இல் வேல்ஸ் நாட்டின் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து அது மீட்கப்பட்டபோது, கூண்டிலேயே கிடந்து இடுப்பு மூட்டுகள் இறுகிப்போயிருந்தன. முதுகெலும்பு வளைந்திருந்தது. உடம்பில் ஆங்காங்கே ரோமம் இல்லை. லிசா கார்னர் என்ற பெண்மணி அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். 2016 டிசம்பரில் இறக்கும்வரை லூசி அவர் வீட்டு நாயாகவே வாழ்ந்தது. கூண்டைத் தவிர எதையும் காணாத அந்த நாய், மனிதர்களிடம் வந்து ஒட்டிக்கொள்ளக் கற்றது. அதன் படங்களைப் பார்த்த பல்லாயிரம் பேர், அழகான குட்டிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு தாய் இருக்கிறாள் என்பதை முதன்முதலாக அறிந்தார்கள். கால்நடை மருத்துவர் மார்க் ஏப்ரகாம் முன்னின்று நடத்திய இயக்கம் நாடாளுமன்றம் வரை போனது. 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகர்களும் கடைக்காரர்களும் விற்பதற்குத் தடை வந்தது. வாங்குபவர் குட்டியை அதன் தாயோடு, பிறந்த இடத்திலேயே பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தச் சட்டத்தை இன்றும் ‘லூசி சட்டம்’ என்றே அழைக்கிறார்கள்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் இருக்கின்றன. நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் பதிவு எண் என்ன, தாய் எங்கே என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பவர்கள் குறைவு. குட்டிக்கு இருக்கும் இந்தக் கேள்வி கேட்காத கிராக்கிதான், காப்பகத்தில் கிடக்கும் வளர்ந்த நாய்களுக்கும் மூலகாரணம்.

இப்போது முதல் சந்தேகத்துக்கு வரலாம். வளர்ந்த நாய் புதியவரிடம் ஒட்டுமா?

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், மார்த்தா காச்சி, யோசெஃப் டோபால், ஆடாம் மிக்லோஷி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் நாளுக்குப் பத்து நிமிடம், மூன்று நாட்கள், ஒரு நாயோடு விளையாடிப் பேசித் தடவிக்கொடுத்தார். அவ்வளவுதான். பிறகு, குழந்தைக்குத் தாயிடம் இருக்கும் பிணைப்பை அளக்க மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த சோதனையின் வடிவத்தில் நாயைச் சோதித்தார்கள். புதிய அறை, பழகியவர், முன்பின் தெரியாதவர். பழகியவர் வெளியே போனதும் நாய் கதவருகே போய் நின்றது. அவர் திரும்பி வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. தெரியாதவரிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. யாரோடும் பழகவிடாத நாய்களிடம் இந்த வேறுபாடு இந்த அளவுக்குத் தென்படவில்லை. மொத்தம் அரை மணி நேரப் பழக்கத்தில் ஒரு வளர்ந்த நாய் தனக்கென்று ஒரு மனிதரைத் தேர்ந்துகொள்கிறது என்றால், மனிதத் துணைக்கான அதன் ஏக்கம் எவ்வளவு என்பதை ஊகிக்கலாம்.

அப்படியானால் காப்பகத்தில் பார்க்கும்போது சில நாய்கள் ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கின்றன? அதற்குக் காரணம் பயம். அமெரிக்காவின் ஒஹாயோவில் மைக்கேல் ஹென்னஸியும் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிக உயர்ந்திருந்தது. லிசா கன்ட்டர் தலைமையிலான குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் தன்னார்வலர் வீடுகளில் தங்கவைத்தார்கள். அந்த இரவுகளில் கார்டிசால் இறங்கியது. கூண்டுக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது. ஆகவே கூண்டில் தெரிவது நாயின் முழு குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்து சில வாரங்களில் வெளிப்படுவதே அதன் இயல்பு.

குட்டிப் பண்ணையிலிருந்து வந்த நாய்களைப் பற்றி ஃபிராங்க்ளின் மெக்மில்லன் 2011-இல் வெளியிட்ட ஆய்வும் கவனிக்கத்தக்கது. புது வீடுகளுக்குப் போன 1,169 முன்னாள் ஈனும் நாய்களை அது எடுத்துக்கொண்டது. சாதாரண வீட்டு நாய்களைவிட அவற்றுக்குப் பயம் அதிகம். வீட்டுக்குள் அசுத்தம் செய்வதும் அதிகம். ஆனால் அந்நியரிடமும் மற்ற நாய்களிடமும் சீறிப் பாய்வது குறைவு. துன்பப்பட்ட நாய் கடிக்கும் நாயாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை இந்த முடிவு அசைத்துவிடுகிறது.

இரண்டாவது சந்தேகம், வளர்ந்த நாய் புதிதாகக் கற்குமா என்பது. அதற்கு ஒரு போர்க்கால நாயின் கதையே பதில் சொல்லும். 1944-இல் நியூகினியின் காட்டில், கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் அமெரிக்க வீரர்களுக்கு ஒரு யார்க்‌ஷயர் டெரியர் கிடைத்தது. வளர்ந்து முடிந்த நாய். எடை நான்கு பவுண்டு, அதாவது இரண்டு கிலோகூட இல்லை. அங்கே எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆங்கிலக் கட்டளையும் அதற்குப் புரியவில்லை, ஜப்பானியக் கட்டளையும் புரியவில்லை. பில் வின் என்ற வீரர் அதை வாங்கி, ஸ்மோக்கி என்று பெயரிட்டு, தன் உணவில் பங்கு கொடுத்து வளர்த்துப் பழக்கினார். பிலிப்பைன்ஸின் லிங்காயென் வளைகுடா அருகே விமானத்தளம் அமைத்தபோது, ஓடுபாதைக்கு அடியே எழுபதடி நீளமும் எட்டங்குல அகலமும் உள்ள குழாய் வழியாகத் தந்திக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. தோண்டினால் நாட்கணக்கில் ஆகும். எதிரி விமானங்களின் குண்டுவீச்சு அபாயம் வேறு. ஸ்மோக்கியின் கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் வின் நின்று கூப்பிட்டார். மண் சரிந்து பாதி அடைந்திருந்த அந்தக் குழாய்க்குள் அது நுழைந்து மறுபக்கம் வந்தது. மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களுக்குத் துணையாகவும் போனது. 1957-இல் வின்னின் வீட்டில் இறந்தது.

சிறு நாய் என்றால் விலைமதிப்பான இனங்கள் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். தெருவில் பிறந்த கலப்பு நாய்களிலும் ஆறு ஏழு கிலோவோடு நின்றுவிடுபவை உண்டு. சோவியத் விண்வெளி ஆய்வாளர்கள் மாஸ்கோ தெருக்களிலிருந்து தேடிப்பிடித்தது இப்படிப்பட்ட நாய்களைத்தான். குளிரும் பசியும் தாங்கிப் பழகியவை என்பது அவர்கள் கணக்கு. 1957-இல் போன லைக்கா திரும்பி வரவில்லை என்பது உலகறிந்த துயரம். 1960 டிசம்பர் 22 அன்று ஏவப்பட்ட க்ராசாவ்கா என்ற நாயின் கதை அவ்வளவாகத் தெரியாதது. ராக்கெட் பழுதாகி, கலம் உறைபனியில் கிடந்த சைபீரியாவில் விழுந்தது. முதல் நாள் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கண்ணாடி வழியே உயிர் இருப்பதாகத் தெரியவில்லை. மறுநாள் திறக்கும்போது உள்ளேயிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது. நாயை ஆட்டுத்தோல் கோட்டில் சுற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். க்ராசாவ்காவை விஞ்ஞானி ஒலெக் காசென்கோ தம் வீட்டுக்கே எடுத்துச் சென்றார். பதினான்கு ஆண்டுகள் அது அவர் குடும்பத்தோடு வாழ்ந்து, குட்டிகளும் போட்டது.

பதினான்கு ஆண்டு என்பது சிறு நாய்க்கு வியப்பான கணக்கில்லை. பெரிய இனங்கள் பலவும் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் தளர்ந்துவிடும். சிறு நாய்கள் பன்னிரண்டு, பதினைந்து வயது வரை வாழ்வது சாதாரணம். உடல் அளவைத் தீர்மானிப்பதில் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஒரு மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007-இல் கண்டறிந்தார்கள். நாய்களில் உடம்பு சிறுத்தால் ஆயுள் நீளும் என்பது பொதுவாக உறுதிப்பட்ட செய்தி. ஐந்து வயதில் வீட்டுக்கு வரும் சிறு நாய்க்கு முன்னால் பாதி வாழ்வுக்கு மேல் இருக்கிறது.

வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். எழுபது வயதான ஒருவர் இரண்டு மாதக் குட்டியை எடுத்தால், அது துள்ளித் திரியும் வயதில் அவரால் பின்னால் ஓட முடியாது. ஏழெட்டு வயது ஸ்பிட்ஸ் என்றால் காலையும் மாலையும் தெருமுனை வரை மெதுவாக நடக்கும். சங்கிலியை இழுத்து ஆளைக் கீழே தள்ளாது. மீதி நேரம் நாற்காலி பக்கத்தில் படுத்திருக்கும். குட்டியை வளர்ப்பதென்றால் நாளுக்குப் பலமுறை துடைப்பதும், செருப்பும் சோபாவும் கடிபடுவதும், தொடர் தடுப்பூசிகளும் உண்டு. அந்தக் குட்டி எவ்வளவு பெரிதாகும், எப்படிப்பட்ட குணத்தோடு வளரும் என்பதும் கையில் வாங்கும்போது தெரியாது. வளர்ந்த நாயிடம் அளவும் குணமும் கண்முன்னே இருக்கின்றன. பூனையைக் கண்டால் துரத்துமா, குழந்தை தொட்டால் பொறுக்குமா, தனியாக விட்டால் ஊளையிடுமா என்று பராமரிப்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

காப்பகத்துக்குப் போகும் நாளில் அவசரம் கூடாது. நாயை நோக்கிக் குனிந்து, தலைமேல் கையைக் கொண்டுபோனால், சிறு நாய்க்கு அது மேலிருந்து விழும் நிழல். தரையில் பக்கவாட்டாக உட்கார வேண்டும். கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் மூக்கு முதலில் வரும். முழங்கையை முகரும், விலகும், மறுபடி வரும். அப்போது மோவாய்க்குக் கீழே இரண்டு விரலால் சொறிந்துவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் தானாக இன்னும் கிட்டே வருகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பு இறுகாமல், வால் தளர்ந்து ஆடினால் நல்ல அறிகுறி. உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் இன்னும் நேரம் வேண்டும் என்று அர்த்தம். இன்னொரு நாள் போய்ப் பார்க்கலாம்.

பிறகு உடம்பைக் கவனிக்க வேண்டும். ஆறு ஏழு மாதத்துக்குள் நாய்க்கு நாற்பத்திரண்டு பற்களும் முளைத்துவிடும். அதற்கு மேல் வயதைப் பல்லின் தேய்வையும் காறையையும் வைத்துத் தோராயமாகத்தான் மருத்துவர் சொல்வார். சிறு வாய்க்குள் பற்கள் நெருக்கியடித்து இருப்பதால் ஈறு நோய் சிறு நாய்களுக்கு அதிகம். உதட்டை மெல்லத் தூக்கிக் கடைவாய்ப் பல்லில் பழுப்புக் காறை இருக்கிறதா என்று பார்க்கலாம். நடக்கும்போது திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலடி நொண்டிவிட்டுப் பிறகு சரியாக நடந்தால், முழங்கால் சில்லு நழுவுவதாக இருக்கலாம். உற்சாகத்தில் வாத்து கத்துவது போல இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட நாய்க்குக் கழுத்துப்பட்டையில் சங்கிலி கோக்காமல், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போட வேண்டும். டாஷண்டை மாடிப்படியிலும் கட்டிலிலிருந்தும் குதிக்கவிடக் கூடாது. முதுகெலும்புத் தட்டு பிதுங்கிக் கால் விளங்காமல் போகும். வயதான சிறு நாய்களுக்கு இதய வால்வு தளர்வது சகஜம். இவற்றில் பெரும்பாலானவை நாயை மறுப்பதற்கான காரணங்கள் அல்ல. செலவுக்கும் கவனிப்புக்கும் முன்கூட்டியே தயாராவதற்கான தகவல்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் அல்லது போன அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டங்களில் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகியவை முடிந்துவிட்டனவா என்று கேட்டு அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

முதல் சில நாட்கள் நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடாது. உறவினரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு அது நேரமில்லை. ஒரே மூலையில் படுக்கை, ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே வழியில் நடை என்று வைத்தால் பயம் தெளியும். பயம் தணிய, பழக, வீட்டைத் தன் வீடாக எண்ண முறையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்பது மீட்புப் பணியாளர்கள் உலகெங்கும் சொல்லும் கணக்கு. கறாரான விதி இல்லை என்றாலும் பொறுமைக்கு ஓர் அளவுகோல். தப்பி ஓடும் ஆபத்து இந்த முதல் நாட்களில்தான் மிக அதிகம். கேட்டைத் திறக்கும் முன் நாய் எங்கே என்று பார்ப்பது வீட்டார் எல்லாருக்கும் பழக்கமாக வேண்டும். சிறுநீர்ப்பை சிறியது என்பதால் அடிக்கடி வெளியே கூட்டிப்போக வேண்டும். பழைய வீட்டில் பழகியிருந்தாலும் புது வீட்டில் தவறு நேரும். அடிக்கக் கூடாது.

சாப்பாட்டில் பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. வெங்காயம், சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. பாசத்தோடு ஊட்டும் பாயசத்தில் உலர்திராட்சை இருக்கும். உடம்பு சிறிதாக இருப்பதால் சிறு அளவே கேடு செய்யும். ஐந்து கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடினால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு கூடியதாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிறு நாய்கள் எப்போதும் வள்வள் என்று குரைக்கும் என்ற புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. வியன்னாவில் கிறிஸ்டினே அர்ஹான்ட்டும் குழுவினரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் தகவல் திரட்டி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு நாய்கள் அதிகம் பரபரப்பதும் சொல் கேட்காததும் தெரியவந்தது. சிறு நாய் வைத்திருப்போர் அதைப் பழக்குவதும் குறைவு, அதனோடு விளையாடுவதும் குறைவு, இன்று தடுத்ததை நாளை விட்டுவிடுவதும் அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பெரிய நாய் உறுமினால் உடனே கவனிக்கிறோம். சிறியது உறுமினால் தூக்கிக் கொஞ்சிச் சிரிக்கிறோம். அது எச்சரிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். உட்கார், நில், வா என்ற மூன்று கட்டளைகளை எந்த வயதிலும், ஒரு துண்டுத் தின்பண்டத்தோடு, நாளுக்குச் சில நிமிடங்களில் கற்றுத்தர முடியும். தூங்கும் நாயைத் தொடக் கூடாது, சாப்பிடும்போது தட்டைத் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் தடுத்தால் என்ன செய்வது என்பது பலரின் கவலை. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தாலும் செல்லப்பிராணிகளை முற்றாகத் தடைசெய்ய முடியாது. குரைப்பதைக் காரணம் காட்டியும் தடுக்க முடியாது. அதே வழிகாட்டுதல் வளர்ப்போருக்கும் அறிவுரை சொல்கிறது. பொது இடத்தில் நாய் அசுத்தம் செய்தால் வளர்ப்பவர் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அயலாருக்குத் தொந்தரவில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தத்தெடுத்த நாய்க்கும் அது பொருந்தும்.

விலங்கு நலப் பணியில் சென்னைக்கு ஒரு மரபு உண்டு. விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-இல் இங்கே தொடங்கியதுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற வழியை அந்த அமைப்பு 1960களிலேயே வலியுறுத்தியது. 1996-இல் மாநகராட்சி அதை ஏற்றது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அதன் தலைமையகம் நீண்டகாலம் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல்முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அது. நாயின் ஒரு வேளை உணவுப் பொட்டலத்துக்கும் அந்தத் தொகை இன்று போதாது. இதைத் திருத்தும்படி சட்டமியற்றுவோரிடம் கேட்பது குடிமக்களின் கடமை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். நாய் வளர்க்க எண்ணும் குடும்பம் கடைக்குப் போகும் முன் ஒருமுறை காப்பகத்துக்குப் போய் வரட்டும். போய், குட்டிகளைக் கேட்காமல், வளர்ந்த நாய்கள் இருக்கும் வரிசையைக் காட்டச் சொல்லட்டும். எடுத்து வளர்க்க இயலாதவர்கள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வீட்டில் தற்காலிகமாக வைத்திருந்து கொடுக்கலாம். நாயை நிரந்தரமாக எடுப்பதென்றால், வெளியூர் போகும்போதும் உங்களுக்குப் பின்னும் அந்த நாயை யார் பார்ப்பார்கள் என்று முடிவுசெய்து எழுதிவைத்துவிட்டு எடுங்கள். இரண்டாம் முறை கைவிடப்படும் நிலை அதற்கு வரக் கூடாது. வீட்டார் எல்லாரும் சம்மதித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அப்படி எடுப்பவர்கள் இந்த அவையிலிருந்து சிலராவது முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.